நாலு ஆட்டின்

சீட்டாட்டம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிரிட்ஜ் என்று சொல்லுங்கள். ரம்மியைப் போல வந்த சீட்டை வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தைக் கும்பிட்டுக் கிடக்கிற ஆட்டம் அல்ல அது. நாலு பேர், எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆடுவதற்கு முன்னால் ஏலம். எந்த வகையை மற்றதையெல்லாம் வெட்டுகிற துருப்பாக வைத்து எத்தனை பிடி பிடிப்போம் என்று இரண்டு ஜோடியும் மாறி மாறி ஏற்றிக் கேட்க வேண்டும். கூட்டாளி கையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஏலத்தில் அவர் சொல்லும் இரண்டொரு வார்த்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த பாஷையில் இருப்பதே பதினைந்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டு மனிதர்கள் பொய் சொல்கிறார்கள், மிரட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

என் கூட்டாளி ஆதிமூலம். சர்க்கரை ஆலையில் கரும்புக் கொள்முதல் பார்க்கும் கேன் ஆபீசர். எலவனாசூர்கோட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். நான் சின்னக்கண்ணு, கள்ளக்குறிச்சியில் பேங்க் ஆபீசர். வீடு கருணாபுரம். என் அப்பாவும் அம்மாவும் ஆதிமூலம் மாதிரியான ஆட்களின் வயலில் கரும்பு வெட்டியவர்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மெட்ராஸில் டிரெயினிங் போனபோது பிரிட்ஜ் கற்றுக்கொண்டு வந்தேன். டவுன் கிளப்பில் என்னோடு உட்கார முதலில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆதிமூலம்தான் வந்து உட்கார்ந்தார்.

நல்ல ஆட்டக்காரர், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கெட்ட குணம். ஏலத்தில் ஜெயித்த ஜோடியில், அந்த வகையை முதலில் சொன்னவர்தான் இரண்டு கைச் சீட்டையும் ஆட வேண்டும். மற்றவர் தன் சீட்டை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டும். சிக்கலான கை வந்தால் போதும், ஆதிமூலம் துருப்பில்லா ஆட்டமான நோட்ரம்ப்பைச் சொல்லித் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சுலபமான கையாக இருந்தால் "சார் ஆடட்டும்" என்பார். சீட்டைப் பரப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

இந்த நிலையில், சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு ஆட்டம் தோற்றேன். பக்கத்து மேஜை வக்கீல் எட்டிப் பார்த்து, "சார் கோட்டாவுல பேங்குக்கு வந்தவரு. பிரிட்ஜுலயும் ரெண்டு பிடி கோட்டா குடுத்துட்டா தேவல" என்றார். கிளப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறேன், அது என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் ஆதிமூலமும் சிரித்தார். அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் சேர்ந்தே ஆடினோம். பிரிட்ஜில் அது முடியும், ஏலத்தில் பேசினால் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது எண்பத்தேழாம் வருஷம். ஆதிமூலத்தின் ஆட்கள் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரச் சாலை மறியலுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. என்னை எதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்களோ, அதையே கேட்டு ஆதிமூலத்தின் தம்பி ரோட்டில் மரம் வெட்டிப் போடக் கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கிடைக்கட்டும், தாராளமாகக் கிடைக்கட்டும். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் சிரித்த வாய் சிரித்ததுதானே?

வெள்ளிமலைக் கேடயம் என்று வருஷத்துக்கு ஒரு ஆட்டம் உண்டு. டவுன் ஜோடி ஒன்று மலையேறிப் போய் மலை ஜோடியோடு ஆட வேண்டும். அந்த வருஷம் போக வேண்டியது நாங்கள். இந்த ஆட்டத்தோடு ஆதிமூலத்துக்கு ஒரு கும்பிடு என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரே ஒரு சலுகை மட்டும் வைத்தேன். ஆட்டம் முடிவதற்குள் ஒரு தடவையாவது, கஷ்டமான ஒரு கையை என்னை நம்பி என்னிடம் விடுகிறாரா பார்ப்போம். விட்டால் கூட்டு தொடரும். இல்லாவிட்டால் அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லிப் பெறுவதில் என்ன இருக்கிறது?

மறியலுக்கு முந்தின நாள் போய் ஆடிவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிடலாம் என்றுதான் ஏற்பாடு. வெள்ளிமலை வனத்துறை ரேஞ்சர் ஜீப் அனுப்பியிருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, மலைப்பாதை முழுக்க நானும் ஆதிமூலமும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பனி மூட்டத்தில் முன்னால் போகிற மாடு தெரியவில்லை, ஜீப்பை இறக்க முடியாது என்றுவிட்டார் டிரைவர். மறுநாள் காலையில் மூட்டம் கொஞ்சம் விலகியபோது வளைவில் நின்று கீழே பார்த்தேன். லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடுகிற ரோடு காலியாகக் கிடந்தது. அங்கங்கே குறுக்கே கறுப்பாக மரங்கள். அவ்வளவு பெரிய சமவெளி அப்படி மூச்சு விடாமல் கிடந்ததை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆதிமூலம் வந்து நின்றார். அவரும் அதையே பார்த்தார்.

மறியல் முடிகிற வரைக்கும் மலைதான் கதி என்றாகிவிட்டது. சரி, நிதானமாகவே ஆடலாம் என்று அதற்கும் மறுநாள் ரெஸ்ட் ஹவுஸில் மேஜையைப் போட்டார்கள்.

வெள்ளிமலையில் ஒரு வழக்கம். எங்கள் சமவெளி ஆட்கள் முந்நூற்றுநாலு என்கிற சீட்டு ஆடி வளர்ந்தவர்கள். அதில் காதைத் தடவுவதும், கனைப்பதும், கண்ணடிப்பதும் திறமைக் கணக்கில் சேரும். பிரிட்ஜில் அது திருட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டவுன் ஜோடி ஒன்று இருமியே ஜெயித்துவிட்டது என்று பெரிய ரகளை. அதற்குப் பிறகு மலைக்காரர்கள் மேஜைக்கு மேலே மூலைக்கு மூலை கயிறு கட்டி, ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட ஆரம்பித்தார்கள். கூட்டாளி முகம் தெரியாது. என் பக்கம் எதிராளி ஒருவர், அந்தப் பக்கம் ஆதிமூலத்தோடு இன்னொருவர். குரலும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று, ஏலத்தைச் சாக்பீஸால் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். நடுவில் நிற்கும் செல்லமுத்து வாத்தியார் அதை உரக்க வாசிப்பார். அவருக்குச் சீட்டு என்றாலே ஆகாது. வகுப்பில் ஆஜர் எடுக்கிற குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாசிப்பார். ஏலம் முடிந்த பிறகுதான் கம்பளியைத் தூக்குவார்கள்.

மலை ஜோடியில் ஒருவர் ரேஞ்சர் தமிழரசன். மற்றவர் ஆஸ்பத்திரி டாக்டர் ராஜாம்பாள். ரேஞ்சர் கையில் சரக்கு இருந்தால்தான் பேசுவார். டாக்டரம்மா வெறும் கையை வைத்துக்கொண்டு ஏலத்தில் குறுக்கே விழுந்து மற்றவர் கணக்கைக் கலைப்பார். இந்த மாதிரி இரண்டு பேர் சேர்ந்தால் எதிரில் இருப்பவன் பாடு திண்டாட்டம்.

ஆட்டம் இழுபறியாகப் போயிற்று. சிக்கலான கை இரண்டு வந்தது, இரண்டையும் ஆதிமூலம் நோட்ரம்ப் சொல்லி எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஜெயித்தார், ஒன்றில் தோற்றார். நான் கம்பளியைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். கடைசிக் கைக்கு வந்தபோது மலை ஜோடி கொஞ்சம் முன்னால் இருந்தது. நாங்கள் 'கேம்' எடுத்தால் கேடயம் எங்களுக்கு.

கேம் என்பது ஏலத்தில் எட்ட வேண்டிய மேடை. அதற்கு ஏற மூன்று வழி. துருப்பே இல்லாமல் ஒன்பது பிடி, ஏலத்தில் முதல் ஆறு பிடியைக் கழித்துவிட்டுத்தான் சொல்வோம் என்பதால் அது மூணு நோட்ரம்ப். இதயம் போட்ட ஆட்டினோ ஸ்பேடோ துருப்பாக வைத்துப் பத்து பிடி, அது நாலு. டைமனோ கிளாவரோ வைத்துப் பதினொன்று, அது அஞ்சு. சீட்டு அதேதான், ஆனால் தப்பான வழியில் ஏறினால் காலை வாரிவிடும். எந்த வழி என்று கண்டுபிடிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

என் சீட்டைப் பிரித்தேன். ஆட்டினில் ராஜா, ராணி, ஜாக்கி, கூட ஒரு அஞ்சு. டைமனில் ராஜா, ராணியோடு நாலு சீட்டு. கிளாவரில் ராஜாவும் ஒரு ஒன்பதும். ஸ்பேடில் மூன்று குப்பை.

ஒரு டைமன் என்று எழுதினேன். என் பக்கத்து ரேஞ்சர் ஒரு ஸ்பேட் என்றார். அந்தப் பக்கம் சிலேட்டு கீச்சிட்டது. "ரெண்டு கிளாவர்" என்று வாசித்தார் வாத்தியார், ஆதிமூலம் கையில் பலம் இருக்கிறது. டாக்டரம்மா வழக்கம்போல் குறுக்கே விழுந்தார், ரெண்டு ஸ்பேட். நான் மூணு ஆட்டின் எழுதினேன். என்னிடம் ஆட்டின் நாலு இருக்கிறது, நல்ல கை, இனி உங்கள் பாடு என்று அர்த்தம். ரேஞ்சர் விடவில்லை, மூணு ஸ்பேட் என்றார்.

இப்போது ஆதிமூலம் சொல்ல வேண்டும்.

கம்பளிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கூரையில் மழை. வாத்தியார் கொட்டாவி விட்டார். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மூணு நோட்ரம்ப் என்பார், சீட்டைப் பரப்பி வை என்பார், நானும் பரப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வேன், அதோடு கதை முடியும். சாக்பீஸ் ஒரு தடவை கீச்சிட்டது. நின்றது. திரும்பக் கீச்சிட்டது.

"நாலு ஆட்டின்" என்றார் வாத்தியார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. ஆட்டினை முதலில் சொன்னவன் நான், ஆக இரண்டு கையையும் ஆட வேண்டியவனும் நான். ஆதிமூலம் கையில் ஆட்டின் நாலு இருந்திருந்தால் எங்கள் வழக்கப்படி முதல் சுற்றிலேயே அதைத் தெரிவித்திருப்பார். சொல்லவில்லை, அப்படியென்றால் மிஞ்சிப்போனால் மூன்று. என் நாலும் அவர் மூன்றும் ஏழு. துருப்பு இரண்டு கையிலும் சேர்த்து எட்டு சீட்டாவது வேண்டும் என்பது பிரிட்ஜ் ஆடுகிற குழந்தைக்கும் தெரியும். ஏழை வைத்துக்கொண்டு பத்து பிடி என்றால் கூரை ஓட்டின்மேல் சைக்கிள் விடுகிற வேலை. டாக்டரம்மா பாஸ் என்றுவிட்டார். என் முறை.

என் புத்தி முதலில் எங்கே போயிற்று தெரியுமா? தோற்கிற கையை என் தலையில் கட்டுகிறான், நாளைக்குக் கிளப்பில் சொல்லிச் சிரிக்க ஆகும் என்று போயிற்று. சாக்பீஸை எடுத்தேன். அஞ்சு டைமன் என்று மாற்றிவிடலாம், டைமன் இரண்டு பக்கமும் கண்டிப்பாக இருக்கும், யாரும் குறை சொல்ல முடியாது. எழுதப் போனவன், சரி, அந்த மனிதர் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்போமே என்று நினைத்தேன்.

அவருக்கு என்ன தெரியும்? எதிராளிகள் ஸ்பேடை மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். ஒருவரிடம் அஞ்சு, ஒருவரிடம் மூன்று. அவர் கையில் ரெண்டு இருந்தால் என் கையில் மூன்று. அந்த மூன்றில் உருப்படியான சீட்டு இருந்திருந்தால் நானே நோட்ரம்ப் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை, ஆகவே மூன்றும் குப்பை. நோட்ரம்ப் ஆடினால் ஸ்பேடிலேயே அஞ்சு பிடி போய்விடும். அஞ்சு டைமன் என்றால் ஸ்பேடில் ரெண்டு போகும், வெளியே ஒரு ஆஸ் போகும், ஒரு பிடியில் தோற்போம். ஆனால் ஆட்டின் துருப்பு என்றால்? ஸ்பேடில் ரெண்டு போகும். மூன்றாவது ஸ்பேடை அவர் தன் பக்கத்துத் துருப்பால் வெட்டலாம். மூன்றே துருப்பு உள்ள பக்கம் வெட்டுவதால் என் நாலும் முழுசாக நிற்கும். ஆஸ் ஒன்று போகட்டும். மூன்று போய் மீதி பத்து.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் சொன்னது இரண்டே வார்த்தை, ஒரு டைமன், மூணு ஆட்டின். நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படித்து, அந்தக் கம்பளிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் கையில் இருக்கிற மூன்று குப்பை ஸ்பேடை அந்த மனிதர் பார்த்துவிட்டார். என்னோடு பேசி அஞ்சு மாசம் ஆன மனிதர். என் பெண்டாட்டிகூட என்னை அப்படிப் படித்ததில்லை. கண் கலங்கியதை ரேஞ்சர் பார்க்கக் கூடாதே என்று சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். சிலேட்டில் பாஸ் என்று எழுதினேன்.

ரேஞ்சர் ஒரு முறை என்னைப் பார்த்தார். "டபுள்" என்று எழுதினார். நீங்கள் தோற்பீர்கள், தோற்றால் இரட்டிப்பாகத் தோற்பீர்கள் என்று அர்த்தம். ஆதிமூலம் இன்னமும் அஞ்சு டைமனுக்கு ஓடலாம். அந்தப் பக்கம் சிலேட்டு உடனே கீச்சிட்டது. "பாஸ்."

கம்பளியைத் தூக்கினார்கள்.

அஞ்சு மாசத்தில் முதல் தடவையாக ஆதிமூலம் என்னை நேராகப் பார்த்தார். ரிசல்ட் பேப்பர் வருகிற அன்று பையன்கள் முழிப்பார்களே, அப்படி ஒரு முழி. சீட்டைப் பரப்பினார். ஸ்பேட் ரெண்டு. ஆட்டின் மூன்றே மூன்று, ஆஸ், பத்து, மூணு. டைமன் ஆஸ், ஜாக்கியோடு நாலு. கிளாவர் ராணி, ஜாக்கியோடு நாலு. நான் நினைத்தபடியே இருந்தது. அதைப் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை.

ரேஞ்சர் ஸ்பேட் ஆஸை இறக்கினார், பிறகு ராஜா. ரெண்டு போயிற்று. மூன்றாவதாக ராணியை இறக்கினார். ஆதிமூலத்தின் ஆட்டின் மூணைப் போட்டு வெட்டினேன். இங்கேதான் ஆட்டமே. அவசரக்காரன் உடனே துருப்பை இறக்கி எதிராளிகளிடம் உள்ள துருப்பையெல்லாம் உருவி எடுப்பான். எடுத்தால் தீர்ந்தது. என்னிடமும் துருப்பு தீர்ந்துபோன பிறகு ரேஞ்சர் கிளாவர் ஆஸோடு உள்ளே வந்து மிச்ச ஸ்பேடையெல்லாம் அடுக்கிவிடுவார். நான் அவசரக்காரன்தான், என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அன்றைக்கு மட்டும் அந்த அவசரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. துருப்பைத் தொடாமல் கிளாவரை இறக்கினேன். என் ராஜாவின்மேல் ரேஞ்சர் ஆஸைப் போட்டார். மூன்றாவது பிடி போயிற்று, இனி ஒன்றுகூடப் போகக் கூடாது.

அவர் நாலாவது ஸ்பேடை இறக்கினார். டாக்டரம்மாவிடம் ஸ்பேட் தீர்ந்திருந்தது, பெரிய துருப்பு போட்டு மடக்கலாம் என்று காத்திருந்தார். நான் ஆதிமூலத்தின் பத்தைப் போட்டேன். அதற்கு மேலே உள்ளதெல்லாம் எங்களிடம். டாக்டரம்மா ஒன்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஆதிமூலத்தின் ஆட்டின் ஆஸ், ஒரு டைமனைப் போட்டு என் கைக்கு வந்து ஆட்டின் ராஜா, ராணி, ஜாக்கி. டாக்டரம்மாவிடம் இருந்த நாலு துருப்பும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மீதிச் சீட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். பத்து பிடி.

ரேஞ்சர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். அப்புறம் டாக்டரம்மா சொன்னார், "ஆதிமூலம் சார் மொதல்ல சிலேட்டுல மூணுன்னு போட்டாரு. நோட்ரம்ப்தான் வருதுன்னு நெனச்சி நான் சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன். கையால தொடச்சிட்டாரு மனுஷன்."

ரேஞ்சர் கேடயத்தைத் தேடி உள்ளே போனார். நான் ஆதிமூலத்தைப் பார்த்தேன்.

"ஏன் தொடச்சீங்க?"

அவர் சாக்பீஸ் தூள் படிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மூணு நோட்ரம்ப் சொல்லியிருந்தா நான் ஆடியிருப்பேன். தோத்திருப்போம். அஞ்சு டைமன்ல யார் ஆடினாலும் தோக்கும். ஜெயிக்கிறதுக்கு இருந்தது ஒண்ணுதான் சார்."

"அத நான் சொதப்பியிருந்தா?"

"நீங்க சொதப்ப மாட்டீங்கன்னு தெரியும். நான்தான் சொதப்பியிருப்பேன். துருப்ப மொதல்ல எடுத்திருப்பேன்." மேஜைமேல் கிடந்த சீட்டைச் சேர்த்து அடுக்கினார். "எனக்கு ரொம்ப நாளாவே தெரியும் சார். உங்க கை என் கைய விட ஜாஸ்தி. அதனாலதான் நானே புடுங்கிப் புடுங்கி ஆடிக்கினு இருந்தேன்."

எத்தனை வருஷமாக இந்த ஆள் என்னை மட்டமாக நினைக்கிறான் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். ஆனாலும் கேட்காமல் விட முடியவில்லை.

"அப்ப அன்னிக்குக் கிளப்புல இன்னாத்துக்குச் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க." தலை நிமிரவில்லை. "அதுக்கு இன்னா சொல்றதுன்னு அஞ்சு மாசமா யோசிச்சிக்கினு கீறேன். ஒண்ணும் வரல. கீழ என் தம்பி நடுரோட்டுல ஒக்காந்துக்கினு கீறான். அவனப் பாத்து எவனாவது அப்படிச் சிரிச்சா இன்னா பண்ணுவேன்னு நேத்து வளைவுல நின்னுக்கினு நெனச்சேன். அதுக்கப்புறம் உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

மழை விட்டிருந்தது. வாத்தியார் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு வரவில்லை. அப்படி ஒன்றும் உள்ளே நடக்கவும் இல்லை. நடந்தது வேறு. இந்த உலகத்தில் இனிமேல் வேறு யாரோடும் என்னால் சீட்டைப் பிரிக்க முடியாது என்று புரிந்துவிட்டது. அதை நினைத்து இன்னும் எரிச்சல் வந்தது.

"எனக்கு இன்னும் கோவம் போவலங்க" என்றேன்.

"போவ வேணாம் சார்," என்றார் ஆதிமூலம். "கோவத்தோடயே வாங்க. ஆனா வாங்க."

சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளினார். கலைத்துப் போட்டேன்.